அம்மாவின் பித்தக் குழாய் அடைப்பை எடுத்துவிட்டவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் எங்கள் அம்மாவுக்கு வந்த மஞ்சள் காமாலை இப்போது முழுசாக இறங்கிவிட்டது. கண் தெளிந்துவிட்டது, சோறு செல்கிறது, பக்கத்து வீட்டோடு சண்டையும் பழையபடி நடக்கிறது. போனில் ஆளாளுக்குச் சொன்ன நன்றி போதாது என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவுக்கு. அம்மாவுக்கு உடம்பெல்லாம் ஒரே அரிப்பு. காலில் அலுமினியத் தகடு, விரலில் துணிச் சுற்று, முகத்தில் கண்ணாடி என்று கடல் தண்ணிக்குள்ளேயே கிடக்கிற ஆளுக்கு அரிப்பு வந்தால் யார்தான் வேறு நினைப்பார்கள்? சொறி மீன் (ஜெல்லிமீன்) பட்டிருக்கும் என்றார்கள் கூடப் போகிறவர்கள். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைக்க ஒரு கூட்டமே கிளம்பியது. அக்காதான் கேட்டார்: "ஆத்தா, வெளிக்கி என்ன நிறத்துல போகுது?" அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே, "வெளுத்துப் போகுது தாயி, ஒண்ணுக்குத்தான் கறுத்துப் போகுது" என்றார். அவ்வளவுதான், சீட்டு எழுதி ராமநாதபுரத்துக்கு அனுப்பிவிட்டார்.

பித்தம் குடலுக்கு வந்தால்தான் மலத்துக்கு நிறம் வருமாம். வழி அடைத்துக்கொண்டால் அது ரத்தத்தில் ஏறி, தோலில் அரிப்பாகவும் சிறுநீரில் நிறமாகவும் வெளியே தெரியும். கல்லீரல் வீங்கி வரும் காமாலை வேறு, குழாய் அடைத்து வரும் காமாலை வேறு. இரண்டாவதுக்கு எந்தப் பச்சிலையும் வழி திறந்துவிடாது. ஊரில் காமாலை என்றாலே மந்திரிக்கக் கிளம்புகிறவர்கள் அக்கா கேட்ட கேள்வியை முதலில் கேட்டால் நல்லது.

ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவுக்கு நன்றி. பித்தப்பையில் இருந்த கல் ஒன்று நழுவி, பித்தம் குடலுக்கு வரும் பொதுக் குழாயில் உட்கார்ந்திருந்தது. ஆறேழு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய குழாய் இரண்டு மடங்காக விரிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவுக்கு வெடவெடவென்று குளிர்காய்ச்சல். தேங்கிய பித்தத்தில் கிருமி புகுந்துவிட்டது, இனிமேல் தாமதிக்கக் கூடாது என்று மதுரைக்கு அனுப்பினார்கள். 108 தம்பி பரமக்குடி, மானாமதுரை எதுவும் எங்களுக்குத் தெரியாத அளவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். காப்பீட்டு அட்டை வீட்டிலேயே கிடந்தது. அதைப் போட்டோ எடுத்து அனுப்பி, அடுத்த பஸ்ஸிலேயே நேரிலும் கொண்டுவந்து கொடுத்த தங்கச்சிமடத்து மச்சானை மறக்க முடியாது.

பெரியாஸ்பத்திரி குடல் நோய்ப் பிரிவு டாக்டர்களுக்கு எப்படிச் சொல்வது! "வயித்தைக் கிழிப்பாங்களா?" என்று அம்மா அழுதபோது, ஓர் இளம் டாக்டர் சீட்டுக்குப் பின்னால் படம் போட்டுக் காட்டினார். வாய் வழியாகக் குழாய்க் கேமரா போகும். மற்ற எண்டோஸ்கோப்பியில் கேமரா நேர் முன்னே பார்க்கும், இதில் பக்கவாட்டில் பார்க்கிறது. ஏனென்றால் பித்தம் வந்து விழும் துவாரம் முன்சிறுகுடலின் பக்கச் சுவரில் இருக்கிறது. அதற்குள் மெல்லிய கம்பியை விட்டு, மருந்து செலுத்தி, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே வேலை செய்வார்கள். பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சரியாகச் சேராது, ரத்தமும் சரியாக உறையாது. அதற்காக முதலிலேயே ஊசி போட்டார்கள். கணையம் வீங்கக்கூடும் என்ற ஆபத்தையும் ஒளிக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அந்த நேர்மைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

சீழும் காய்ச்சலும் இருக்கும்போது கல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம், முதலில் வடியவிடுவோம் என்று ஸ்டென்ட் மட்டும் வைத்தார்கள். பேனா ரீஃபில் போல ஒரு பிளாஸ்டிக் குழாய், நழுவாமல் இருக்க இரண்டு முனையும் சுருண்டிருக்கும். வைத்த உடனே சீழ் கலந்த பித்தம் குடலுக்குள் கொட்டியதாம். காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. இதை வாய்வழியாக வைக்கும் முறையை 1979, 80 வாக்கில் செய்து காட்டியவர் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டாக்டர் சோஹேந்திரா என்று அந்த இளம் டாக்டர்தான் சொன்னார். அவருக்கும் நன்றி, இந்த மடல் அங்கே போய்ச் சேராவிட்டாலும்.

அடுத்து வார்டு சிஸ்டருக்கு. பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மாதத்துக்குள் அடைத்துக்கொள்ளும், அதற்குள் எடுத்துவிட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். அம்மாவோ, "நல்லாத்தானே இருக்கேன்" என்று கடலுக்குக் கிளம்பிவிட்டார். சிஸ்டர் விடவில்லை. போன் மேல் போன். கடைசியில் அம்மாவிடமே பேசி, "டியூபை மறந்துட்டு மறுபடி குளிர்காய்ச்சலோட வந்தா நான் பேசமாட்டேன் பாருங்க" என்று மிரட்டி வரவழைத்தார். கல்லை எடுத்து, ஸ்டென்ட்டையும் எடுத்தாயிற்று. அப்புறம் பித்தப்பையையும் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனில், எடுத்துவிட்டார்கள். அது இருக்கும்வரை கல் மறுபடி இறங்கலாம் அல்லவா?

பாசி எடுக்கும் சங்கத்து அக்காமார் தங்கள் கூலியில் எடுத்து வைத்த காசில்தான் நாங்கள் மதுரையில் சாப்பிட்டோம். மீன்பிடித் தடைக்காலம், ஊரில் யார் கையிலும் ஓட்டம் இல்லாத சமயம் அது. அந்தக் கவரில் பெயர் எழுதாமல் ஐந்நூறு ரூபாய் போட்டவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. இதைப் படித்தால் தயவுசெய்து வீட்டுப் பக்கம் வாருங்கள். யாரென்று தெரியாமல் கடன் பட்டிருக்க முடியாது என்று அம்மா தினமும் எங்களைத்தான் திட்டுகிறார்.