கால்பந்துக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஆட்டக்காரர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஆட்ட முடிவுகள் அட்டவணையாக உங்கள் கையில் இருக்கின்றன. அதை மறுபடி வாசித்து நேரத்தைக் கடத்தப் போவதில்லை. லீக்கின் முதல் பாதியில் நன்றாக அடி வாங்கினோம், இரண்டாம் பாதியில் எழுந்து நின்றோம், கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்தோம். இது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

சீசன் தொடக்கத்தில் மூன்று கெஸ்ட் ஆட்டக்காரர்களை, அதாவது வெளியாட்களை, ஆட்டங்களுக்காகக் கொண்டுவந்தோம். மூவரும் திறமைசாலிகள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டத்தன்று வந்து இறங்குவார்கள், முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். பயிற்சிப் பக்கம் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. முதல் ஆட்டத்தில் வாங்கிய கோல் பலருக்கும் நினைவிருக்கும். இடது ஓரத்திலிருந்து கோலை நோக்கித் தூக்கி அடித்த ஒரு கிராஸ், ஆபத்தில்லாத பந்து. நம் கோல்கீப்பர் குரல் கொடுத்தபடி முன்னால் வந்தார். வழக்கமாக அவருக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பாட்டம் ஆடும் சென்டர் பேக்காக இருந்தால், அந்தக் குரல் கேட்டதும் குனிந்து ஒதுங்கியிருப்பார். அன்று அங்கே நின்றவர் புதியவர். கத்தியது யார் என்று புரியாமல் அவரும் எகிறினார். இருவரும் மோதி விழுந்தார்கள். பந்து எதிரணி ஃபார்வர்டின் காலடியில் போய் நின்றது. ஆளில்லாத கோலுக்குள் மெதுவாக உருட்டிவிட்டுப் போனார். கீப்பரைத் திட்டினோம், பேக்கைத் திட்டினோம். உண்மையில் திட்டு வாங்க வேண்டியது, ஒருவரை ஒருவர் அறியாத இருவரைச் சேர்த்து இறக்கிவிட்ட நிர்வாகக் குழுதான். அந்த முடிவில் முதல் கையெழுத்து என்னுடையது.

அப்புறம் தொடர் தோல்விகள். கோச்சை மாற்று என்ற பேச்சு எழுந்து ஓட்டெடுப்பு வரை போனது. நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன். அன்று சொன்ன உதாரணத்தையே இங்கேயும் பதிவு செய்கிறேன். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் கழகம் 2015-இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. கோச் கிறிஸ்டியன் ஷ்ட்ரைக்கை அவர்கள் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டே இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து மேலே வந்தார்கள். 2022-இல் ஜெர்மன் கோப்பையின் இறுதியாட்டம் வரை போனார்கள். அவர் 2024 வரை அங்கேயே இருந்தார்.

பொருளாளர் சும்மா விடவில்லை. "இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2015-இல் கோச்சை மாற்றித்தானே 2016-இல் சாம்பியன் ஆனது?" என்று மடக்கினார். சரியான கேள்வி. ஆனால் அங்கே புதிதாக வந்த ரனியேரி எல்லாவற்றையும் கலைத்துப் போடவில்லை. அந்த சீசனில் லீக்கிலேயே மிகக் குறைவாக அணியை மாற்றியது லெஸ்டர்தான். வாராவாரம் கிட்டத்தட்ட அதே பதினொரு பேர். கோப்பை வென்ற அந்த ரனியேரியையும் ஓர் ஆண்டு முடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை. நம் ஓட்டெடுப்பில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் கோச் தப்பித்தார்.

அதன் பிறகு கோச் மூன்று காரியம் செய்தார். கெஸ்ட் ஆட்டக்காரர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பினார். பின்வரிசை நால்வரையும் கீப்பரையும், காயம்பட்டால் தவிர மாற்றுவதில்லை என்றார். மூன்றாவதுதான் பெரிய சண்டைக்குக் காரணமானது: வாரத்தில் இரண்டு பயிற்சிக்காவது வராதவர் தொடக்கப் பதினொன்றில் இருக்க மாட்டார். இதற்காகவே ஒரு வருகைப் பதிவேடு போட்டோம். நம் அணியில் அதிக கோல் அடிப்பவரே முதலில் சிக்கினார். பெயர் வாசிக்கப்பட்டபோது தன் பெயர் இல்லை என்றதும் ஜெர்சியைக் கழற்றி பெஞ்சில் வீசினார். இரண்டு வாரம் ஆளையே காணோம். அந்த இரண்டு வாரமும் தோற்றோம். அவர் இருந்திருந்தால் ஒன்றிலாவது சமன் செய்திருப்போம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். திரும்பி வந்தவர், அதன் பிறகு பதிவேட்டில் ஒரு நாளும் விடுபடவில்லை.

பயிற்சியில் கடைசி அரைமணி நேரம் கார்னருக்கும் ஃப்ரீ கிக்குக்கும் என்று ஒதுக்கினோம். சலிப்பான வேலை, யாருக்கும் பிடிக்காது. பிற்பாதியில் நாம் அடித்த கோல்களில் பல அங்கிருந்து வந்தவை. வார்ம்அப்பும் மாறியது: மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓடுவதற்குப் பதிலாக, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா வகுத்த 'லெவன் பிளஸ்' பயிற்சி. 15 பயிற்சிகள், 20 நிமிடம். முழங்காலும் தொடைத்தசையும் காயப்படாமல் இருக்க என்றே அமைத்தது. ஆரம்பத்தில் பையன்கள் சிரித்தார்கள்.

ஜூனியர் அணியிலிருந்து இருவரை மேலே கொண்டுவந்தோம். ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவ் கழகம், தன் ஊர் இருக்கும் பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ளவர்களை மட்டுமே வைத்துக்கொண்டு, 1929-இல் லீக் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட முதல் டிவிஷனை விட்டு இறங்கியதில்லை. நமக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். ஆனால் ஜூனியர் தேர்வில் ஒரு கோளாறு இருக்கிறது. வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுவதால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். 12 வயதில் அது பெரிய வித்தியாசம். உயரமாக, வேகமாக இருப்பவனைத் தேர்வுக்குழு எடுத்துவிடுகிறது. பந்தைத் தொடத் தெரிந்த சின்னவன் வீட்டுக்குப் போய்விடுகிறான். பல நாடுகளில் ஆய்வாளர்கள் கண்டு சொன்ன விஷயம் இது. இனி தேர்வுப் பட்டியலில் பிறந்த மாதத்தையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கடன் வாங்கி ஆள் சேர்க்கலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் 2001-இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி ஆடியது. கடன் கழுத்தை நெரிக்க, 2004-இல் அந்நாட்டு முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்தே இறங்கியது.

முடியாத வேலைகளும் உண்டு. இரண்டாவது கோல்கீப்பர் இன்னும் கிடைக்கவில்லை. முதலாமவருக்கு விரல் பிசகிய அன்று ஒரு மிட்ஃபீல்டர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். அவர் மூன்று கோல் விட்டதைப் பற்றி யாரும் கேலி பேசக் கூடாது. கோச்சின் ஒப்பந்தத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்கும் தீர்மானம் தனியாக வருகிறது. வருகைப் பதிவேடு மேடை மேல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

— செயலாளர்