பேரணி அட்டையும் பள்ளி மழைமானியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகச் சுற்றுச்சூழல் தினப் பேரணி பற்றி மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியில், 'மலையடிவார மாணவர்களிடம் பருவநிலை மாற்றம் குறித்துப் போதிய விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு வரி இருந்தது. யார் சொன்னது என்று பெயர் இல்லை. செய்தியாளரின் சொந்தக் கருத்து என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு தங்களுக்குத் தெரியாத ஊர் அல்ல. அதனால்தான் மனம் கூடுதலாக நொந்தது.

விடியுமுன் ஜீப் ஏறிக் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகள் இவர்கள். கோடை மழை தவறினால் ஏலச்செடியில் பூச்சரம் சரியாக வராது, சரம் இல்லையென்றால் காய் எடுப்பும் இல்லை, கூலியும் இல்லை என்பது இவர்கள் வீட்டுப் பேச்சு. ஆடியில் விடாமல் கொட்டினால் அழுகல் விழும் என்பதும் தெரியும். 2024 கோடையில் இடுக்கித் தோட்டங்களில் ஏலச்செடி கருகியதை இவர்களுக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டார்களே, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், அதையும் இவர்கள் மறக்கவில்லை. இந்தப் பிள்ளைகளிடம் இல்லாதது, கண்டதை அளந்து எழுத ஒரு கருவியும் அதற்கென்று வாரத்தில் ஒரு பாடவேளையும்.

செய்தியோடு வந்த படத்தையும் பாருங்கள். முன்வரிசைப் பிள்ளையின் கையில் 'ஓசோன் ஓட்டையை அடைப்போம், புவி வெப்பத்தைத் தடுப்போம்' என்ற அட்டை. இது எத்தனையோ ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுதப்படும் பிழை. ஓசோன் படலத்தை அரித்தவை குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃப்ளூரோ கார்பன்கள். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் அவை படிப்படியாக ஒழிக்கப்பட்டன. பூமி சூடாவதற்கு முதற்காரணம் நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிந்து வரும் கரியமில வாயு. ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 315 பங்கு அளவில் இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஓட்டை வழியாக வெயில் உள்ளே வருகிறது என்று நம்பி வளரும் பிள்ளை, அனல்மின் நிலையத்தையும் வெப்பத்தையும் எப்படி இணைத்துப் பார்க்கும்? அட்டை எழுதிக் கொடுத்தது பெரியவர்கள். குறை பிள்ளைகளின் மேல் விழுகிறது.

மரக்கன்று நடும் கதையும் இதேதான். சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 என்பது குமுளிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை இறங்கும் காலம், அங்கே நட்டால் பிழைக்கும். மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. அந்த மாதங்களில் இங்கே கிடைப்பது பலத்த காற்றும் எப்போதாவது கொஞ்சம் சாரலும்தான். காற்றில் ஈரம் உலர்ந்து, வேர் பிடிக்கும் முன்பே கன்று காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஐப்பசியில், இரண்டடிக் குழியெடுத்து வேம்போ புங்கனோ வைத்தால் நிற்கும். ஒரே மலையின் இரு பக்கத்திலும் மழை ஏன் இப்படி மாறுகிறது என்பதே ஒரு மாதத்துக்கான பாடம். அதை விட்டுவிட்டு, போட்டோவுக்காகத் தேதி பார்க்கிறோம்.

எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே உத்தரவிட்டது. அது ஐந்து மதிப்பெண் வினாவாகச் சுருங்கி நிற்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வானிலை நிலையமே அமைத்திருக்கிறார்கள்.

நமக்கு அவ்வளவு செலவு கூட வேண்டாம். மழையை அளக்கும் மழைமானிக்கு, வாய் 16 செ.மீ. விட்டமுள்ள ஒரு புனல், அடியில் 5 லிட்டர் கேன், ஒரு அளவுக் குடுவை போதும். அந்தப் புனலின் வாய்ப் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ., அதனால் 20 மி.லி. தண்ணீர் 1 மி.மீ. மழை. பள்ளிகளில் பெரும்பாலும் நடக்கும் தவறு, அகன்ற புனலைக் குறுகிய பாட்டிலில் செருகி, பாட்டிலில் நிற்கும் உயரத்தை அடிக்கோலால் அளந்து எழுதுவது. மழையளவு உள்ளதைவிடப் பல மடங்கு கூடுதலாகத் தெரியும். சின்ன பாட்டிலும் உதவாது. 200 மி.மீ.க்கு மேல் கொட்டும் அதி கனமழை நாளில் 4 லிட்டருக்கு மேல் சேரும், நிரம்பி வழிந்த பின் அளவு ஏது? புனலின் விளிம்பு மட்டமாக, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டடமும் மரமும் தங்கள் உயரத்தைப் போல் இரண்டு பங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் காற்று துளிகளை அடித்துக்கொண்டு போய்விடும், அளவு குறையும்.

தினமும் காலை 8.30க்கு அளந்து அன்றைய தேதியிலேயே எழுத வேண்டும். முந்தைய நாள் தேதியில் எழுதினால் அரசுப் பட்டியலோடு ஒத்துவராது. மழை இல்லையென்றால் 0, பார்க்கவில்லையென்றால் கோடு. இந்த இரண்டையும் கலந்த நோட்டு எதற்கும் உதவாது. ஞாயிறு பார்க்காவிட்டால் திங்களன்று இரண்டு நாள் மழை என்று குறித்து எழுத வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை இன்னொன்று. கனமழை என்றால் பள்ளிக்கு விடுமுறை, ஆகவே அளந்தே தீர வேண்டிய நாளில்தான் நோட்டு காலியாக இருக்கும். பள்ளியை ஒட்டிக் குடியிருக்கும் சத்துணவு ஊழியரிடமோ காவலரிடமோ அந்தப் பொறுப்பைத் தந்தால் தீர்ந்தது.

ஒரு நாள் மழையைக் காட்டிப் பருவநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது, அதற்கு 30 ஆண்டுச் சராசரி வேண்டும் என்பதை இந்த நோட்டை வைத்துத்தான் புரிய வைக்க முடியும். வானிலைத் துறை 1991 முதல் 2020 வரையிலான சராசரியை வெளியிட்டிருக்கிறது. மாத முடிவில் அதோடு தன் பள்ளிக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளைக்குப் பேரணி தேவைப்படாது.

தங்களிடம் கேட்பது சிறிய உதவி. அணை நீர்மட்டத்தோடு பெரியாறு, தேக்கடி, கூடலூர், உத்தமபாளையம் மழையளவை அச்சிடுகிறீர்களே, அதன் கீழே திங்கள்தோறும் பள்ளிகளின் வார மழையளவுக்கு நான்கு வரி இடம் கொடுங்கள். பள்ளியின் பெயரோடு அளவு அச்சில் வந்தால் தலைமையாசிரியர்கள் நோட்டைத் தவறாமல் பார்ப்பார்கள். எந்த முகவரிக்கு, ஞாயிறு எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று அடுத்த இதழிலேயே தெரிவித்தால், வரும் ஐப்பசி மழைக்கு முன் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கம்பம், தேனி மாவட்டம்.