அண்ணா, அட்வான்ஸ் மட்டும் வாங்கிவிடாதீர்கள்

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாசலில் நின்றே படித்தேன், ராத்திரி வந்து மறுபடியும் படித்தேன். நம் வீட்டுக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்று அப்பா பயப்படுகிறார், பெரியப்பா மகன் அதையே சொல்லி "வீட்டை இப்பவே வித்துத் தள்ளிவிடுங்க, அப்புறம் சீந்த ஆள் இருக்காது" என்று அவசரப்படுத்துகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

நாங்கள் இப்போது இருப்பது தீயணைப்பு நிலையத்துக்கு நேர் எதிர் வீடு. இந்தக் குளிரில் காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோத்து நிற்கும், துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் எதிரே அந்தப் பெரிய சிவப்புக் கதவுதான் தெரியும். சைரன் சத்தம் முதலில் தூக்கிவாரிப் போட்டது. இப்போதெல்லாம் சின்னவன் புரண்டு படுப்பதோடு சரி. இதே அளவு வீட்டுக்கு அடுத்த தெருவில் வாடகை நன்றாகவே அதிகம், அதனால் இங்கேயே இருந்துவிட்டோம். ஹீட்டரையும் ஒரே அறையில்தான் போடுகிறோம், எல்லோரும் அங்கேயே சேர்ந்து இருந்துவிடுகிறோம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

மாடி வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுதியிருக்கிறேனே, எந்தக் குளிரிலும் கையுறை போடாமல் நடப்பவர், அவரிடம்தான் உங்கள் கடிதத்தைப் பற்றிப் பேசினேன். வீடுகளுக்கு மதிப்புப் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எந்த வீட்டு முன்னால் நின்றாலும் முதலில் கூரையைப் பார்ப்பார், அப்புறம் வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அங்கிருந்து என்னென்ன தெரிகிறது, என்ன சத்தம் கேட்கிறது என்று கவனிப்பார். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தாலும் அவர் கண்டுகொள்வதில்லை.

அவர் சொன்னது இதுதான். பக்கத்தில் இருப்பது வேறு, ஒட்டி இருப்பது வேறு. ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இருந்தால் விலை ஏறும், தண்டவாளம் கொல்லைச் சுவரை ஒட்டிப் போனால் அதே ரயிலால் விலை இறங்கும். இந்தத் தீயணைப்பு நிலையமே இரண்டு தெரு தள்ளி இருந்தால் ஆபத்துக்கு உதவும், சில நாடுகளில் வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம்கூடக் குறையும். எதிர் வீட்டுக்காரருக்குத்தான் சைரன். குப்பைக் கிடங்கு, கழிவுநீர் நிலையம் மாதிரியானவற்றுக்குத் தூரம் மட்டும் போதாது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்க்க வேண்டுமாம்.

பூங்காவும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் விலையை ஏற்றிவிடும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு 1858-ல் வடிவமைப்புப் போட்டியில் ஜெயித்த இருவரில் ஒருவரான ஓம்ஸ்டெட், பூங்காவைச் சுற்றியுள்ள நிலங்களின் மதிப்பு எவ்வளவு ஏறியது என்று பின்னால் கணக்கெடுத்துக் காட்டினாராம். பள்ளிக்கூடத்துக்கு சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞரின் 1999-ம் வருடத்து ஆய்வைச் சொன்னார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளியில் சேரலாம் என்று எல்லை பிரித்திருப்பார்கள். அந்த எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற வீடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் அதிகமுள்ள பள்ளியின் எல்லைக்குள் வரும் வீடுகளுக்கு 2.5 சதவீதம் விலை கூடக் கொடுத்திருக்கிறார்கள். அதே ஏரியாதான், நடுவில் ஒரு கோடுதான்!

இனி நம் விஷயம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இடம், குடியிருக்கிற வீடு என்று பார்த்தால் மதிப்புக் குறையும். சத்தம், புகை, ராத்திரியிலும் ஆள் நடமாட்டம். ஆனால் கடை கட்டவோ லாட்ஜ் கட்டவோ தேடுகிறவனுக்கு அதே மனை ரொம்ப உசத்தி. நம் வீட்டைக் கேட்கிற ஆள் மனையாகக் கணக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்கான விலையைத்தான் சொல்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். இல்லையென்றால் எதற்கு இத்தனை அவசரம்?

அதனால் பேருந்து உள்ளே வரும் வாசல் எந்தப் பக்கம், நம் தெருவை அகலப்படுத்துவார்களா, நம் சர்வே எண் அதில் மாட்டுகிறதா என்பதையெல்லாம் திட்ட வரைபடத்தில் முதலில் பாருங்கள். வாசல் நம் பக்கம் இல்லாமல் வெறும் பின்சுவர் மட்டும் வந்தால் கடைக்காரனும் வரமாட்டான், புகை மட்டும்தான் மிச்சம். அப்படியானால் விற்பதைப் பற்றி நானே பேசுகிறேன். அறிவிப்பு வந்ததும் ஏறுகிற விலை, வேலை இழுத்தடித்தால் இறங்கிவிடும் என்றும் பெரியவர் சொன்னார், அதனால் வருடக்கணக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை.

ஒன்று கேட்க வேண்டும் அண்ணா. தெருக்கோடியில் இருக்கிற நூலகத்தையும் இடிப்பார்களா? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. அது பக்கத்தில் இருப்பதால் யாரும் நமக்குக் கூடுதல் விலை கொடுக்கமாட்டார்கள், தெரியும். மூடுகிற நேரத்தில் நூலகர் சாவிக்கொத்தை மேஜையில் தட்டுவார், நாம் அப்பாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடுவோம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது இங்கே தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. அப்போது அந்தச் சாவிச் சத்தம் காதில் கேட்கிற மாதிரியே இருக்கும், உடனே உங்கள் எல்லோரையும் பார்க்க வேண்டும் போலிருக்கும். சரி, அதை விடுங்கள்.

பெரியப்பா மகனுக்கு நம் சார்பில் விற்கிற பவர் எழுதிக் கொடுக்க வேண்டாம், அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பதிவு அலுவலகத்து வழிகாட்டி மதிப்பை மட்டும் வைத்து விலை பேசாமல், அந்தப் பக்கம் சமீபத்தில் கைமாறிய மனைகள் என்ன விலைக்குப் போயின என்று விசாரியுங்கள். என் பங்கைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம், முதலில் சின்ன அத்தையின் கண் ஆபரேஷன் முடியட்டும். தாய்ப்பத்திரம் அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறதா, இல்லை அத்தை வீட்டில் இருக்கிறதா? பார்த்து, ஒரு நகலும் வரைபடத்தின் படமும் உடனே அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பெரியவரிடம் காட்டிவிட்டு போன் செய்கிறேன்.

அன்புடன்
உங்கள் தங்கை