இனி உள்ளே இருந்து என்ன செய்யப்போகுது?

அன்புள்ள பெரியவளுக்கு,

"36 வாரம் ஆயிடுச்சு, இனி உள்ளே இருந்து என்னம்மா செய்யப்போகுது, எடுத்துட்டா தேவலை" என்று போனில் அலுத்துக்கொண்டாய். உன் அலுப்பு நியாயமானதுதான். புரண்டு படுக்க முடியவில்லை, நெஞ்செரிச்சல், மணிக்கொரு தரம் பாத்ரூம். பொறுத்துக்கொள் என்று உபதேசம் செய்யப் போவதில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் எழுதுகிறேன். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் நான், போனில் ஆரம்பித்தால், பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

முதலில் மூளை. 35வது வாரத்தில் அதன் எடை, நிறைமாதத்தில் இருக்கப்போவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மிச்சம் முழுக்க இந்தக் கடைசி வாரங்களில் சேர்வது. ஸ்கேனில் கை, கால், மூக்கு எல்லாம் தெரிந்துவிடுவதால் வேலை முடிந்ததாகத் தோன்றுகிறது. படத்தில் தெரிகிறவை எப்போதோ முடிந்தவை. இப்போது நடப்பது படத்தில் தெரியாத வேலை.

நுரையீரலும் அப்படித்தான். காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் 24வது வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கினாலும், போதிய அளவு சேர 34, 35 வாரமாகிறது. அதற்குப் பிறகும் சில குழந்தைகள் பிறந்ததும் மூச்சுக்குத் திணறும். வலி எடுக்கும் முன்பே சிசேரியனில் எடுத்தால் அந்த வாய்ப்பு கூடும். வலி வரும்போது சுரக்கும் ஹார்மோன்கள்தான் நுரையீரலில் இருக்கும் நீரை உறிஞ்சச் செய்கின்றன. உன் வயிற்றில் விட்டுவிட்டு ஒரே தாளத்தில் துடிப்பதாகச் சொன்னாயே, அது பெரும்பாலும் விக்கல். பயப்படாதே.

இரும்புச்சத்தையும் இப்போதுதான் உன்னிடமிருந்து வாங்கிச் சேர்த்துவைக்கிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு, முதல் மாதங்களை இந்த இருப்பை வைத்தே ஓட்ட வேண்டும். மலச்சிக்கல் என்று சொல்லி நீ அலமாரியில் ஒளித்துவைக்கும் மாத்திரை யாருக்கானது என்று இப்போது தெரிகிறதா? உன் உடம்பிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் நச்சுக்கொடி வழியாக அதிகமாகப் போய்ச் சேர்வதும் இந்தக் காலத்தில்தான்.

காது ஏற்கெனவே கேட்கிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், வேறு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்கவே விரும்பி, அந்தக் குரல் ஒலிக்கும்படி ரப்பர் காம்பைச் சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டன என்று 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள். ஆகவே மாப்பிள்ளையைத் திட்டுவதென்றால் கொஞ்சம் மெதுவாகத் திட்டு.

இதற்காக டாக்டரிடம் போய் மல்லுக்கு நிற்காதே. ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தையின் வளர்ச்சி என்று காரணம் சொல்லி முன்கூட்டியே எடுக்கச் சொன்னால், அங்கே இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. அலுப்பு மட்டுமே காரணமாக இருந்தால் 39 வாரம் வரை விட்டுக்கொடு என்பதுதான் என் கட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "கடைசியில் இடம் போதாது, அசைவு குறையும்" என்று உனக்கு யாராவது சொல்வார்கள். தவறு. உதை போய் உருளலாக, நெளிவாக மாறலாமே தவிர, அசைவு குறையக் கூடாது. வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் இனிப்பாக எதையாவது குடித்துவிட்டுப் பார்ப்போம், விடியட்டும் என்றெல்லாம் இருக்காதே. அப்போதே கிளம்பு. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் வெட்கப்பட எதுவுமில்லை. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது, ரத்தம், நீர்க்கசிவு, இவற்றுக்கும் அதேதான். மல்லாந்து தூங்காமல் ஒருக்களித்துப் படு.

வயிறு இறுகி, தானே தளர்ந்துவிடுகிறதே, அது பொய்வலி. 1872இல் அதை விவரித்த ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அதுவரை அதை வயிற்றில் உணர்ந்த பெண்களின் பெயரை யார் கேட்டார்கள்! இடைவெளி சுருங்கி, ஒவ்வொரு முறையும் பலம் கூடி, நடந்தாலும் படுத்தாலும் நிற்காமல் வந்தால் அது நிஜ வலி.

குறித்துக் கொடுத்த தேதியை நம்பி மாப்பிள்ளை லீவு போட வேண்டாம். சரியாக அந்த நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். அடுத்த செக்கப்பில் தலை கீழே திரும்பியிருக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுது. குரல் பதிவு வேண்டாம், பேருந்துச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழுவதில்லை.

அம்மா