பாறை இடுக்கில் ஒரு ஜூனிப்பர் காடு

லாஸ் வேகஸ்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பேத்தியோடு பொழுது போவதே தெரியவில்லை. உன் முழங்கால் வலி எப்படி? மேல வயலில் ஆட்டுக்கிடை போட்டாயிற்றா?

கிடை என்றதும் நினைவு வருகிறது. போன ஞாயிறு மருமகன் எங்களைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போனார். எங்கு பார்த்தாலும் சுண்ணாம்புப் பாறையும் கிரியோசோட் புதரும்தான். ஒரு பாறை இடுக்கில் கருப்பட்டிப் பாகு வழிந்து உறைந்த மாதிரி பளபளவென்று ஒரு திரள். குனிந்து பார்த்தால் உள்ளே குச்சி, முள், எலிப் புழுக்கை!

பேக்ராட் என்ற எலியின் வேலை அது. கிடைத்த இலை, விதை, குச்சியெல்லாம் இழுத்து வந்து குவித்து, அதன் மேலேயே மூத்திரம் பெய்யும். அது காய்ந்து பிசினாக இறுகிவிடும். மழை படாத இடமென்றால் 40,000 ஆண்டுகூடக் கெடாமல் கிடக்கும்.

1964-இல் வெல்ஸ், ஜோர்கன்சன் என்ற இருவர் இந்த நெவாடா மலைகளில் இப்படிக் கிடைத்த குவியல்களைப் பற்றி எழுதினார்கள். உள்ளே ஜூனிப்பர் என்ற ஊசியிலை வகை மரத்தின் கொம்புகள். இன்று அந்த மலைகளில் ஒரு ஜூனிப்பர்கூடக் கிடையாது. பனியுகத்தில் குளிரும் ஈரமும் கூடுதலாக இருந்ததால், இப்போது உயரமான மலைகளில் மட்டும் நிற்கிற மரம் அன்று தாழ்வான இடங்களிலும் வளர்ந்திருக்கிறது.

மண்ணில் புதைந்த பழைய மகரந்தத்தை வைத்தும் இதைச் சொல்லலாம்தான். ஆனால் மகரந்தம் காற்றில் எங்கிருந்தோ வரும். எலியோ வளையிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் போகாது. கொம்பு இருக்கிறதா, மரம் அங்கேயே நின்றது என்று பொருள். என்ன, தனக்கு வேண்டியதை மட்டும்தான் அது பொறுக்கும். குவியலில் இல்லாத செடி மலையிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

திரளைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பிசின் கரைந்துவிடும். சல்லடையில் அலசிக் காயவைத்து, இலை இலையாகப் பிரிப்பார்கள். புழுக்கையின் அகலத்தைக்கூட அளக்கிறார்கள். பெரிய எலி போடுவது பெரிய புழுக்கை. பனியுகம் போன்ற குளிர்ந்த யுகங்களில் எலிகள் பெருத்திருந்தன, வெப்பம் கூடியபோது சிறுத்தன. ஒரு புழுக்கை தட்பவெப்பம் சொல்கிறது, சண்முகம்!

மனசு கனத்த செய்தியும் ஒன்று உண்டு. கிராண்ட் கேன்யனில் ராம்பார்ட் என்றொரு குகை. கரடி அளவிருந்து அழிந்துபோன ஷாஸ்டா ஸ்லாத் என்ற தழை தின்னும் விலங்கின் சாணம் அங்கே படிவு படிவாகக் கிடந்தது. அதில் எபிட்ரா என்ற புதர்ச்செடியின் தண்டுகூட இருந்ததாம். தாவரவியல் வகுப்புக்கு ஜிம்னோஸ்பெர்ம் ரெக்கார்டு நோட்டில் விடிய விடிய வரைந்தோமே, அதே எபிட்ரா. 1976-இல் குகைக்குள் தீப்பிடித்து, மாதக்கணக்கில் புகைந்து, பெரும்பகுதி போய்விட்டது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மாசியில் ஊருக்கு வருகிறேன். உன் கிடையிலிருந்து ஒரு பிடி புழுக்கை எடுத்து வை. ஊறப்போட்டு, பழைய லென்ஸை வைத்து இரண்டு பேருமாகப் பார்ப்போம். வேலிக்கருவேல் விதை நிச்சயம் இருக்கும். வேறென்ன இருக்கிறது என்றுதான் பார்க்கணும்.

அன்புடன்,
ராமநாதன்