அண்ணை, சண்டை விழுங்கினது வீடியோ ரேப்புகளை மட்டும்தான்

அன்புள்ள அண்ணைக்கு,

போன சனிக்கிழமை ராத்திரி மருமகன்ர லப்டொப்பில ஒரு ஆவணப்படம் பாத்தன். ஹென்றி ஜோர்ஜ் குளூசோ எண்ட பிரெஞ்சு இயக்குநர் 1964 இல தொடங்கி முடிக்காமல் விட்ட 'நரகம்' எண்ட படத்தைப் பற்றினது. அரை மணித்தியாலம் போகேல்லை, திரையில உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்.

ஏரிக்கரையில விடுதி நடத்திற ஒருத்தன் பெண்சாதியில சந்தேகப்பட்டுப் பைத்தியமாகிற கதை. நடக்கிறதெல்லாம் கறுப்பு வெள்ளை, அவன்ர சந்தேகம் மட்டும் கலர். ரோமி ஷ்னைடருக்கு உதட்டில நீலச்சாயம் பூசி விட்டிருக்கு, பாக்கப் பயமாயும் கிடக்கு, வடிவாயும் கிடக்கு. அமெரிக்கக் கொம்பனி கணக்குப் பாராமல் காசு குடுத்திருக்கு. மூண்டு கமராக் குழு. மனுசன் எடுத்த காட்சியையே திருப்பித் திருப்பி எடுக்க, மற்றக் குழுக்கள் சும்மா குந்திக்கொண்டிருந்திருக்கு. அதுவோ மின்சாரத்துக்கு மறிச்சுக் கட்டின ஏரி, தண்ணி இறக்க நாளும் குறிச்சாச்சு. கதாநாயகன் ரெஜியானி வருத்தம் எண்டு போயிட்டார். மூண்டு கிழமையில குளூசோவுக்கு மாரடைப்பு. அவ்வளவுதான்.

தண்ணி இறக்கிற கதை வந்த இடத்தில நான் படத்தை நிப்பாட்டிப்போட்டு முத்தத்துக்கு வந்திட்டன்.

நீங்கள் இயக்கின எங்கட படத்துக்கு, இரணைமடுக் குளம் முட்டி நிக்கேக்க கூத்துப் பழக்கிற அண்ணாவியார் அலைகரையில நிண்டு பாடவேணும் எண்டனீங்கள். ஒரு நாள் முகில் சரியில்லை, ஒரு நாள் காத்துச் சரியில்லை. சிறுபோக வயலுக்குத் துருசு (மதகு) திறந்து, சேறு தெரியத் தொடங்கினாப் பிறகும் நாங்கள் முதல் காட்சியிலதான் நிண்டனாங்கள். அது 2004. யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 பாதை திறந்திருந்தது, செல் விழேல்லை. அந்த வருசம் மார்கழி 26 முல்லைத்தீவில கடல் ஏறினதோட அண்ணாவியாரும் போயிட்டார்.

ஆர் கேட்டாலும் நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கதைதான் சொல்லுறம்: "சண்டை எங்கட படத்தை விழுங்கிப்போட்டுது." சண்டை விழுங்கினது வீடியோ ரேப்புகளை, அண்ணை. படம் அதுக்கு முந்தியே நிண்டிட்டுது. கோவிக்காதேங்கோ. மைக்கைத் தடியில கட்டிப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டவன் நான், எனக்கும் பங்கிருக்கு. ஒருநாளும் "காணும்" எண்டு நான் சொல்லேல்லை.

இந்த ஆவணப்படத்தில எனக்குப் பிடிச்சதே அதுதான். குளூசோ பெரிய ஆள் எண்டு பூசி மெழுகேல்லை, கூட வேலை செய்தவை அவர் படுத்தின பாட்டையும் சொல்லுகினம். ஆவணப்படத்தை எடுத்த சேர்ஜ் புரொம்பேர்க், குளூசோவின்ர மனுசியோட லிப்டுக்குள்ள மாட்டுப்பட்டு நிண்டு கதைச்சுத்தான் 185 பெட்டிப் பிலிமுக்கும் வழி பிறந்ததாம்! பிலிம் கிடைச்சுது, சத்தம் இல்லை. அதுக்கு ரெண்டு நடிகரை வெறும் அறையில விட்டு, எழுதிக் கிடந்த காட்சிகளை வாசிக்க வைச்சிருக்கிறார். இந்த ஆவணப்படத்தைக் கான் திரைப்பட விழாவில முதல் காட்டினது 2009 மே மாதம். அந்த மாதம் நாங்கள் எங்க நிண்டம் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பங்கருக்குள்ள தாட்ட ரேப்புக் கானைத் திரும்பி வந்து கிண்டேக்க பதினொரு ரேப்பும் பூஞ்சணம் பிடிச்சுக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒண்டிருக்கு. 2006 ஆவணியில ஏ9 பூட்டுறதுக்கு முந்தி, நான் சத்தம் பதிஞ்ச கசெற்றுகளை யாழ்ப்பாணத்துக்கு மாமி வீட்டை குடுத்துவிட்டனான். இப்ப மாமியின்ர அலுமாரியில மூண்டு அம்பிட்டிருக்கு. குளூசோ ஆக்களுக்குப் படம் இருந்தது, சத்தம் இல்லை. எங்களுக்கு மாறி.

கோவலன் கூத்துப் பாட்டு (தரு) ஒண்டு தெளிவாய்க் கேக்குது. ஒவ்வொருக்காலும் அண்ணாவியார் முடிக்க, உங்கட குரல்: "இன்னொருக்கா, அண்ணாவியார்." ஒரு கசெற்றில மட்டும் பதினேழு தரம். பதினெட்டாம் தரம் அவர் பாடேல்லை, இருமுறார், தண்ணி கேக்கிறார்.

அந்த இருமலையும் வைச்சு, எடுத்தது எடுக்காதது எல்லாத்தையும் உள்ளபடி சொல்லி ஒண்டு செய்வம், வாங்கோ. வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நிக்கிறமாதிரி வந்தால் அண்ணாவியாரின்ர மகனையும் பிடிக்கலாம், அவரும் பாடுவார். வர முந்தி ஒரு உதவி: கசெற்றுகளில எழுதின மை அழிஞ்சு போச்சு. எது எந்தக் காட்சி எண்டு கேட்டுச் சொல்லுங்கோ, நாளைக்குத் தொலைபேசியில போட்டுக் காட்டுறன்.

இப்படிக்கு,
உங்கட மைக் பிடிச்ச பொடியன்