பரணில் கிடைத்த அம்புலிமாமா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

பரணை ஒழித்தபோது தாத்தா பைண்டு பண்ணி வைத்திருந்த அம்புலிமாமா கிடைத்தது. 1947-ல் பத்திரிகை ஆரம்பித்ததிலிருந்தே வாங்கினேன் என்று பீற்றிக்கொள்வார். மிஞ்சியிருப்பது என்னவோ அறுபதுகளில் வந்தவைதான். சிலது செல்லரித்துவிட்டது. மீதியை மத்தியானங்களில் உட்கார்ந்து படிக்கிறேன். பாவாடை கட்டின வயதில் நான் படித்த அதே விக்கிரமாதித்தன், அதே வேதாளம். உனக்கும் இதைத்தானே படித்துக் காட்டினேன். ராஜா வாயைத் திறப்பதற்குள் நீ பதிலைச் சொல்லிவிடுவாய். அப்பா அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அப்படிப் பேசின பிள்ளை இப்போது ‘ம்’, ‘சரிம்மா’, ‘அப்புறம் கூப்பிடறேன்’ என்று வைத்துவிடுகிறாய். வேலை இருக்கும். தெரியாமலா.

ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தில், தோளில் பிணமும் கையில் வாளுமாக ராஜா வருவானே, அதைப் பார்த்தால் முன்பெல்லாம் பயம் மட்டும்தான். இப்போது, பாவம், கால் வலிக்காதா என்றிருக்கிறது. மூலத்தில் 25 கதைதான். அம்புலிமாமாக்காரர்கள் அவனை எத்தனையோ வருஷம் மாதாமாதம் முருங்கை மரத்துக்கு நடக்கவிட்டார்கள்.

அந்த 25 கதையும் உள்ள பழைய புத்தகம் ஒன்றும் பரணில் கிடந்தது. தலை மாறின கதை ஞாபகம் இருக்கிறதா? அம்மன் கோயிலில் புருஷனும் கூடப்பிறந்தவனும் தலையை வெட்டிக்கொள்ள, அந்தப் பெண் பதற்றத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுவாள். ரெண்டு பேரும் பிழைத்துவிடுகிறார்கள். இனி யார் புருஷன்? தலைதானே பிரதானம், புருஷன் தலை யாரிடம் இருக்கிறதோ அவன்தான் என்று ராஜா சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டானா? அச்சு அசல் உன் அப்பா. நான் யார் வீட்டு விஷயத்துக்கும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

மருமகளிடம் செவ்வாய்க்கிழமை பேசினேன். நன்றாகத்தான் பேசினாள். பின்னால் அவள் அம்மா குரல் கேட்டது. ஊருக்கு வந்திருக்கிறாயா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

முடிவில் வருகிற கேள்வி உனக்கு மறந்திருக்கும். ஒரு அப்பனும் மகனும் வேறொரு தாயையும் மகளையும் கட்டிக்கொள்கிறார்கள். அப்பன் அந்த மகளை, மகன் அந்தத் தாயை. பிறக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜாவுக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். தலை வெடிக்கவில்லை! தெரிந்தும் சொல்லாமல் இருந்தால்தானே வெடிக்கும். அதற்கப்புறம்தான் வேதாளமே மனமிரங்கி, பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன சன்னியாசியின் சூழ்ச்சியைச் சொல்லி அவனைக் காப்பாற்றுகிறது. இத்தனை வயதுக்கு இதை இப்போதுதான் நிறுத்திப் படித்தேன். உனக்கும் ஏதாவது தெரியவில்லை என்றால், ‘தெரியலம்மா’ என்று சொல். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டேன்.

வடகம் காய்ந்துகொண்டிருக்கிறது. பருப்புப்பொடியும் அரைத்துவிட்டேன். திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். ரெண்டு பேருக்குக் கட்டவா, ஒருத்தருக்கா? அதை மட்டும் மெசேஜ் போடு.

அம்மா